தட்டில் சைவம், காலில் தோல்: திருவனந்தபுரத்திலிருந்து ஓர் அறவிசாரணை

1. கேள்வியும் அதன் களமும்

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரியின் ஒன்பது மாலைகளிலும், திருவனந்தபுரம் கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலை அடுத்துள்ள நவராத்திரி மண்டபத்தில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள் பாடப்படுகின்றன. கேட்க வருவோர் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். கைதட்டும் வழக்கம்கூட இல்லாத அளவுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. அதே மண்டபத்தில் பாடகருக்கு அருகே மிருதங்கம் இருக்கிறது. பசு, எருமை, ஆடு என மூன்று விலங்குகளின் தோலால் ஆனது அது. வாசலில் நிற்க வேண்டிய தோல் ஒன்று, உள்ளே வரவேற்கப்படும் தோல் இன்னொன்று. சைவ உணவு உண்போர் தோல் செருப்பும் தோல் ஆடையும் அணியலாமா என்ற கேள்வியை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

திருவனந்தபுரத்தைத் தேர்ந்ததற்கு வேறு காரணமும் உண்டு. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுமுறை அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் சைவர்கள். கேரளத்தில் இது ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. மாட்டிறைச்சி வெளிப்படையாக விற்கப்படும் மாநிலத்தின் தலைநகரில், கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களிலும் பிற இடங்களிலும் வாழும் சைவர்கள் தம் உணவைத் தெரிந்தே தேர்ந்துகொள்கிறார்கள். அப்படித் தேர்ந்தவர்களிடம், அந்தத் தேர்வு தட்டோடு நிற்கிறதா என்று கேட்பது நியாயம்.

கொல்லாமையைக் காரணமாகக் கொண்ட சைவர் புதிய தோல் பொருள்களை வாங்காதிருப்பதே முறை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அந்த மறுப்பு தீட்டு உணர்விலிருந்து பிறக்கக் கூடாது. வாங்குபவரின் பொறுப்பிலிருந்து பிறக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத எந்த வாதமும் அறவாதம் ஆகாது.

2. எந்தச் சைவர்?

சைவ உணவுக்குக் காரணங்கள் பல. உடல்நலம் கருதி இறைச்சியை விட்டவருக்குத் தோல் செருப்பு ஒரு பிரச்சினையே இல்லை. செருப்பு வயிற்றுக்குள் போவதில்லை. குலவழக்கமாகச் சைவம் உண்பவருக்கு, வழக்கம் எதை விலக்குகிறதோ அது விலக்கு, எதை அனுமதிக்கிறதோ அது அனுமதி. மான்தோல் ஆசனமும் தோல் வாத்தியமும் அந்த வழக்கத்துக்குள் முரண்பாடின்றி இடம்பெற்றதற்கு இதுவே விளக்கம்.

கேள்வி உண்மையில் கடுமையாவது மூன்றாம் வகையினருக்கு. “உயிரைக் கொல்வது தவறு; அதனால் உண்பதில்லை” என்று சொல்பவர்கள் இவர்கள். அவர்களுடைய காரணம் நாவைப் பற்றியது அன்று, விலங்கைப் பற்றியது. விலங்கின் நிலையிலிருந்து பார்த்தால் அதன் தசை குழம்பாவதற்கும் தோல் பெல்ட் ஆவதற்கும் வேறுபாடு இல்லை. சுற்றுச்சூழலுக்காகச் சைவரானவர்களும் நான்காம் வகையாக இதே கேள்வியைச் சந்திக்கிறார்கள். அவர்களது கணக்கு சற்று வேறு. இனி வரும் விவாதம் முதன்மையாக மூன்றாம் வகையினரை நோக்கியது.

3. மரபில் இருக்கும் வாதங்கள்

இக்கேள்வி மேற்கிலிருந்து அண்மையில் வந்ததாகப் பலர் கருதுகிறார்கள். 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் தொடங்கிய வீகன் சங்கம், பாலையும் தோலையும் ஒருசேர விலக்கும் வாழ்வுமுறைக்குப் பெயர் கொடுத்தது உண்மைதான். ஆனால் வாதத்தின் அடிப்படை தமிழில் மிகப் பழையது.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பவர் இல்லையென்றால் விலைக்கு ஊன் தருபவரும் இருக்கமாட்டார் என்ற கருத்து வருகிறது. கொலையின் பொறுப்பைக் கத்தி பிடித்தவரோடு நிறுத்தாமல் காசு கொடுத்தவர் வரை கொண்டுவரும் தருக்கம் இது. “நான் கொல்லவில்லை, விற்பதை வாங்கினேன்” என்ற விடையை வள்ளுவர் ஏற்கவில்லை. இந்தத் தருக்கத்துக்கு ஊன் என்பது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. வாங்குவது தோலானாலும் அது அப்படியே பொருந்தும்.

பௌத்தத் துறவியருக்கான ஒழுக்க விதிகளான விநயம் வேறு அளவுகோலை வைத்தது. தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமல், கேளாமல், ஐயுறாமல் பெறும் இறைச்சியைத் துறவி ஏற்கலாம். தோல் பற்றிய விதிகளும் விநயத்தின் மகாவக்க நூலில் தனிப் பகுதியாகவே உள்ளன. எளிய தோல் காலணிக்கு அனுமதி உண்டு. ஆனால் ஒரு துறவி விரும்பினார் என்பதற்காக ஒரு கன்று கொல்லப்பட்ட நிகழ்ச்சி அங்கே சொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து பசுத்தோலுக்குத் தடை வருகிறது. விருப்பமே கொலைக்குக் காரணமாகலாம் என்பதை விநயமும் ஒப்புக்கொள்கிறது.

வாங்குபவரின் பொறுப்பை முன்வைத்துப் பௌத்தரின் புலால் உணவை மறுக்கும் விவாதம் தமிழ்ச் சமணக் காப்பியமான நீலகேசியில் நடக்கிறது. திகம்பர சமணத் துறவிகளே மயிற்பீலியைக் கையில் வைத்திருப்பவர்கள். மயில் தானே உதிர்த்தது என்பதே அதற்கு அவர்கள் சொல்லும் நியாயம். விலங்கிடமிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் குற்றமுள்ளதாகாது, அது எப்படி வந்தது என்பதே கேள்வி என்ற நுட்பம் இதில் அடங்கியிருக்கிறது.

திருவனந்தபுரத்துக்கும் இம்மரபில் பங்குண்டு. நகரின் கண்ணம்மூலையில் 1853இல் பிறந்த சட்டம்பி சுவாமிகள் ‘ஜீவகாருண்ய நிரூபணம்’ எழுதினார். நகருக்கு அருகே செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு ‘ஜீவகாருண்ய பஞ்சகம்’ இயற்றினார். இருவருமே சாதியின் தூய்மைக் கணக்கை எதிர்த்தவர்கள். கொல்லாமையைத் தீட்டிலிருந்து பிரித்து, இரக்கத்தின் மேல் நிறுத்த முடியும் என்பதற்கு இவ்விருவரும் இந்த மண்ணின் சான்றுகள்.

4. “எப்படியும் கழிவுதானே” என்ற வாதம்

தோலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் இதுதான்: மாடு இறைச்சிக்காகக் கொல்லப்படுகிறது, தோல் மிஞ்சுகிறது, அதைச் செருப்பாக்காவிட்டால் அழுகும். எனவே தோல் வாங்குபவர் எந்த உயிரையும் கூடுதலாகக் கொல்வதில்லை.

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. கேரளத்தில் மாடு அறுக்கப்படுவதற்கு இறைச்சித் தேவையே முதற்காரணம். இங்கே தோல் பதனிடும் தொழில் பெரிதாக வளரவில்லை. உப்பிட்ட பச்சைத் தோல் தமிழகத்து ஆலைகளுக்குச் செல்கிறது. தோல் விலை சரியும் ஆண்டுகளில் பக்ரீத் முடிந்ததும் ஆட்டுத்தோல் வாங்க ஆளின்றி வீணாகும் செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வருகின்றன. தோல் விலை விழுந்ததால் அறுப்பு நின்றுவிடவில்லை.

ஆனாலும் வாதம் முழுமையானதன்று. முதலாவது, மாட்டை வாங்கும் வியாபாரி இறைச்சி, தோல், எலும்பு எல்லாவற்றின் வருமானத்தையும் சேர்த்தே விலை பேசுகிறார். தோலுக்குக் கிடைக்கும் பணம் சிறியதானாலும் அந்தத் தொழிலின் வரவில் சேர்கிறது. கடைசி ஆதாயத்தைத் தருபவரும் ஆதாயம் தருபவரே. இரண்டாவது, எல்லாத் தோலும் மிச்சப்பொருள் அன்று. முதலைத் தோலிலும் மென்மயிர் ஆடைகளிலும் தோலுக்காகவே விலங்கு வளர்க்கப்பட்டுக் கொல்லப்படுகிறது. அங்கே இவ்வாதத்துக்கு இடமே இல்லை. மூன்றாவது, இந்த வாதம் சைவருக்கு அதிகமாகவே அனுமதி தருகிறது. விருந்தில் மிஞ்சிய இறைச்சியும் எப்படியும் வீணாகக் கூடியதுதான். அதைச் சைவர் உண்பதில்லை. தட்டில் ஏற்காத நியாயத்தைக் காலுக்கு மட்டும் ஏற்பது பொருந்தாது.

இவ்விடத்தில் பாலைப் பேசாமல் கடக்க முடியாது. கேரள மாடுகளில் பெரும்பான்மை கலப்பினம். 1963இல் மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்திய–சுவிஸ் திட்டத்திலிருந்து உருவான சுனந்தினி இனம் இதற்கு அடையாளம். பால் பெருகியது. ஆனால் உழவுக்குத் தேவைப்படாத காளைக்கன்றும், கறவை வற்றிய பசுவும் சிறு விவசாயிக்குச் சுமை ஆயின. அவை அறுப்புக்கு விற்கப்படும் விலை, அடுத்த பசுவை வாங்கும் முதலின் ஒரு பகுதி. 2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தைகளில் அறுப்புக்கான விற்பனையைத் தடுக்கும் விதிகளை அறிவித்ததும், அவற்றுக்கு எதிராக ஜூன் 8இல் கேரள சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும், ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளுக்கான இடைக்காலத் தடையை நாடு முழுவதற்கும் பொருந்தச் செய்ததும் இந்தப் பொருளியலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. காலையில் குடிக்கும் காப்பியின் பாலும் மாலையில் அணியும் செருப்பின் தோலும் பெரும்பாலும் ஒரே மாட்டுக் கொட்டிலில் தொடங்குகின்றன. எனவே பால் குடிக்கும் சைவர் தோலை மட்டும் விலக்கிவிட்டுத் தன் கை முற்றிலும் சுத்தம் என்று சொல்ல இயலாது. அதே சமயம், ஒன்றை விடவில்லை என்பதற்காக மற்றொன்றையும் விட வேண்டியதில்லை என்பதும் தவறு. குறைக்கக் கூடியதைக் குறைப்பது, முழுமை கைகூடாதவரின் கடமை.

5. செத்த மாட்டின் தோலும் சாதியும்

மயிற்பீலியின் நியாயத்தைத் தோலுக்குப் பொருத்திப் பார்த்தவர் காந்தி. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கக் கற்றார். அந்நாட்டு அமைச்சரான ஜெனரல் ஸ்மட்ஸுக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தார். உறுதியான சைவரான அவர் தோலை முற்றாக விலக்கவில்லை. இயல்பாக இறந்த மாட்டின் தோலை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்றார். 1934இல் ‘ஹரிஜன்’ இதழில் கிராமத் தோல் பதனிடலைப் பற்றி எழுதி, அதை ஓர் ஆக்கத் திட்டமாக முன்வைத்தார். வார்தா அருகே நால்வாடியில் அத்தகைய பதனிடு நிலையம் நடந்தது. எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்த திருவிதாங்கூரின் கோயில் நுழைவுப் பிரகடனத்துக்குப் பிறகு 1937 ஜனவரியில் அவர் திருவனந்தபுரம் வந்தபோது, தோலைத் தொடுபவரைத் தீட்டானவராகக் கருதும் சமூகத்தைத் திருத்துவதும் தோல் தொழிலை மேன்மைப்படுத்துவதும் அவருக்கு ஒரே பணியின் இரு பக்கங்களாக இருந்தன.

கொள்கை அளவில் காந்தியின் வழி செம்மையானது. நடைமுறையில் இரு தடைகள் உள்ளன. இன்று கடையில் இருக்கும் ஷூவின் தோல் அறுத்த மாட்டினுடையதா செத்த மாட்டினுடையதா என்று வாங்குபவர் அறிய வழியில்லை. இரண்டாவது தடை இன்னும் கடுமையானது. செத்த மாட்டை உரிக்கும் வேலை யார் தலையில் விழுகிறது? 2002 அக்டோபரில் ஹரியாணாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில் ஐந்து தலித்துகள், பசுவைக் கொன்றார்கள் என்ற வதந்தியின் பேரில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் உனா அருகே, செத்த மாட்டை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்கள். அதன் பின் செத்த மாடுகளை அகற்ற மாட்டோம் என்று குஜராத் தலித்துகள் மறுத்தது பெரும் போராட்டமாயிற்று. செத்த மாட்டை இழுக்கும் வேலையைக் கைவிடும்படி அம்பேத்கர் தம் மக்களிடம் பல்லாண்டு வலியுறுத்தியதன் பொருள் அப்போது மீண்டும் விளங்கியது. கொல்லாமைத் தோல் வேண்டும் என்று கேட்கும் சைவருக்கு, அந்தத் தோலை உரிப்பவரின் மதிப்புக்கும் கூலிக்கும் உயிருக்கும் பொறுப்பேற்காமல் அதைக் கேட்க உரிமையில்லை.

தோலை விலக்கும் சைவத்துக்கு இருக்கும் பெரிய ஆபத்தும் இதுவே. “நான் தோல் தொடமாட்டேன்” என்ற சொல், எந்த நோக்கத்தில் சொன்னாலும், தோல் தொடும் மனிதரைத் தொடமாட்டேன் என்ற பழைய சொல்லின் நிழலில்தான் நம் நாட்டில் ஒலிக்கிறது. ஆகவே மறுப்பவர் தம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

6. மிருதங்கமும் செண்டையும்

இந்த முரண் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் இசை. மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும், இரண்டையும் இழுத்துக் கட்டும் வாரும் தோலே. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ (2020) என்ற ஆங்கில நூல், மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாற்றையும், அவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள் என்பதையும், தோலைத் தேர்ந்தெடுக்கும் அவர்களது உழைப்பையும் பதிவுசெய்தது. மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயருக்கும் அவரோடு இணைந்து மிருதங்கத்தின் நாதத்தை வடித்த கைவினைஞர் பர்லாந்துக்கும் இருந்த உறவு அதில் முக்கிய இடம் பெறுகிறது. சென்னையில் அந்நூலின் வெளியீட்டுக்குத் தந்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா கலை நிறுவனம் 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றது. மேடையில் எல்லோரும் அறிந்த ஓர் உண்மையை அச்சில் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

கேரளக் கோயில்களின் நிலையும் இதுவே. செண்டையின் முகத்தில் மாட்டுத்தோல்தான் இழுத்துக் கட்டப்படுகிறது. பாலக்காடு மாவட்டத்துப் பெருவெம்பு கிராமத்தில் தலைமுறைகளாகத் தோல் வாத்தியங்கள் செய்யும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் செய்த வாத்தியங்கள் கோயில் மதிலுக்குள் ஒலிக்கின்றன.

வாத்தியத்தைச் செருப்போடு சமமாக வைக்க முடியுமா? ஓரளவுக்கு வேறுபாடு உண்டு. செருப்புக்கு மாற்றுப் பொருள் எளிதில் கிடைக்கிறது. மிருதங்கத்தின் நாதத்துக்கு முழுமையான மாற்று இன்னும் எல்லாக் கலைஞரும் ஏற்கும்படி வரவில்லை. பெங்களூரைச் சேர்ந்த கே. வரதரங்கன் உருவாக்கிய செயற்கை மிருதங்கம் அத்திசையில் ஒரு தீவிரமான முயற்சி. அதைக் கேட்டும் வாசித்தும் பார்ப்பது சைவக் கலைஞரின் கடமை என்பேன். ஆனால் நெருக்கடி வேறோர் இடத்திலும் இருக்கிறது. தோல் வாத்தியத்தைப் புனிதமென வணங்கி, அதைச் செய்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கம், உணவிலும் செருப்பிலும் காட்டும் எந்த நுண்ணுணர்வாலும் ஈடுசெய்ய முடியாத குறை.

7. மாற்றுகளின் கணக்கு

தோலை விட்டால் எதை அணிவது? எளிய விடை ரெக்சின். அதாவது பிவிசி அல்லது பாலியுரித்தேன் பூசிய துணி. இது பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, விரைவில் உரிகிறது, மண்ணில் மக்குவதில்லை. விளப்பில்சாலைக் கிராமத்தினரின் போராட்டத்தால் 2011 டிசம்பரில் மாநகராட்சியின் குப்பை ஆலை மூடப்பட்டதைக் கண்ட திருவனந்தபுரத்தாருக்கு, மக்காத பொருள் எங்கோ ஓரிடத்தில் யாருடைய வீட்டருகிலோ சேர்கிறது என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதற்காகத் தோல் இயற்கையானது என்று முடிவுகட்டுவதும் பிழை. உலகில் பெரும்பான்மைத் தோல் குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட பழைய தமிழக முறை இன்று சிறுபான்மை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததைப் பற்றிய வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நம் சுற்றுச்சூழல் சட்டத்தில் உறுதியாக நிலைநிறுத்தியது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். உயிர்களைக் கணக்கிடும் சைவர் இந்த உயிர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நல்ல செய்திகள் அருகிலேயே உள்ளன. நாட்டின் இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பங்கு கேரளத்தில் விளைகிறது. கோழிக்கோடு தோலில்லாக் காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். ரப்பர் அடியும் பருத்தித் துணியும் சேர்ந்த காலணி, இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் பூஞ்சை பிடிக்கும் தோல் ஷூவைவிட இந்த ஊருக்குப் பொருந்தும். திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டிலுள்ள மத்திய அரசின் ஆய்வகமான சிஎஸ்ஐஆர்–நிஸ்ட், வேளாண் கழிவுகளிலிருந்து தோல் போன்ற பொருளைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது. தேங்காய்த் தண்ணீரில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் செல்லுலோஸிலிருந்து இத்தகைய பொருள் செய்யும் ‘மலாய்’ என்ற நிறுவனமும் கேரளத்தில் இயங்குகிறது. ஆனால் தாவரத்தோல் என்ற பெயரில் உலகச் சந்தையில் விற்கப்படும் பலவற்றின் மேற்பூச்சில் பாலியுரித்தேன் இருக்கிறது. வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

தொழிலாளர் பற்றிய கவலையும் நியாயமானதே. தோல் துறையை நம்பி ஏறத்தாழ 44 லட்சம் பேர் இந்தியாவில் வாழ்வதாகத் துறையின் கணக்கு கூறுகிறது. ஒரு நகரத்துச் சைவர்கள் வாங்காமல் விடுவதால் அத்துறை சாயப்போவதில்லை; உலகச் சந்தையே தோலில்லா விளையாட்டுக் காலணிகளை நோக்கி நகர்கிறது. தமிழ்நாடு 2022இல் காலணிக் கொள்கை வெளியிட்டு, பெரம்பலூர் போன்ற இடங்களில் தோலில்லாக் காலணி ஆலைகளை வரவழைத்ததும் இதனால்தான். ஆயினும் பதனிடு ஆலையில் முதுமை கண்ட தொழிலாளிக்குப் புதிய ஆலையில் வேலை தானாகக் கிடைத்துவிடாது. மாற்றத்தின் செலவை அவர் மட்டுமே சுமக்காமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு. அதை அரசிடம் கேட்பது மாற்றத்தை விரும்புவோரின் பொறுப்பு.

8. முடிவுகள்

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுக்கலாம்.

கொல்லாமைக்காகச் சைவம் உண்பவர் புதிய தோல் செருப்பு, பெல்ட், பர்ஸ், கைப்பை வாங்க வேண்டியதில்லை, வாங்கக் கூடாது. மாற்று கிடைக்கிறது, கழிவுப்பொருள் வாதம் அவரது சொந்தக் கொள்கையோடு பொருந்தவில்லை என்பவை இதற்குக் காரணங்கள். தோல் ஆடை பற்றி நீண்ட விவாதமே தேவையில்லை. திருவனந்தபுரத்தின் வெப்பத்தில் தோல் சட்டை எந்தத் தேவையையும் நிறைவேற்றுவதில்லை.

ஏற்கெனவே உள்ள தோல் பொருளைத் தூக்கி எறிவது எந்த உயிரையும் காக்காது. அது தேயும் வரை பயன்படுத்துவதும், தைத்துச் சரிசெய்து பயன்படுத்துவதும், தேவைப்படுபவருக்குக் கொடுப்பதும் சரி. காவல் துறையிலோ ராணுவத்திலோ சீருடையாகத் தோல் பூட்ஸ் அணிய வேண்டியவரையும், ஜெலட்டின் உறையிட்ட மருந்து உண்ண வேண்டிய நோயாளியையும் குற்றம் சாட்டுவது அறமாகாது. தவிர்க்க இயலும்போது மட்டுமே தவிர்ப்பது கடமையாகிறது.

அரசு செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சைவ உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி கட்டாயம். காலணியில் எப்பகுதி எப்பொருளால் ஆனது என்பதைக் குறியீடுகளால் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1994லேயே விதித்தது. அத்தகைய தெளிவான அடையாளம் நம் கடைகளில் விற்கும் ஒவ்வொரு காலணியிலும் இருந்தால், வாங்குபவர் தம் மனசாட்சிப்படி தேர்ந்துகொள்ள முடியும்.

இறுதியாக, தோலை மறுக்கும் எந்தச் சைவரும் செருப்புத் தைப்பவரையும், தோல் பதனிடுபவரையும், மிருதங்கம் மூட்டுபவரையும் தம் வீட்டுக்குள் அழைத்துச் சமமாக அமர்த்தி உண்ணச் செய்ய ஆயத்தமாக இருக்க வேண்டும். அதற்கு மனம் வராதவர் தோலை விட்டதில் அறம் எதுவும் இல்லை. பழைய தீண்டாமை புதிய காலணி அணிந்திருக்கிறது, அவ்வளவே. விலங்கின் மேல் கொண்ட இரக்கம் மனிதரிடம் வந்து நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி, அந்த வழியைத் தேர்ந்த ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்கிறேன்.